மூன்றாம் சிலிண்டரின் ஆரஞ்சுக் கோடு

வெள்ளைத் தாள் ஒன்றை என் மேசைமேல் விரித்து, அதன் நடுவே ஒரு ஸ்பார்க் பிளக்கை வைத்தார் திருமதி திலகவதி. வைத்த இடத்திலிருந்து எண்ணெய் மெல்ல ஊறித் தாளில் பரவியது. கறுத்த நடுப்புள்ளியும் அதைச் சுற்றி மஞ்சள் வட்டமுமாக அது பெரிதாவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மூணாவது சிலிண்டருங்க சார். அடிப் பிளக்கு,” என்றார்.

“மற்ற மூன்றும்?”

“காஞ்சு கெடக்குதுங்க. சாம்பப் பூத்தாப்புல, எப்படி இருக்கோணுமோ அப்படி.”

தை மாதத்து முற்பகல். விமானக் கொட்டகையின் தகரக் கூரை அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தது. வெளியே, மூக்கு மூடி கழற்றப்பட்ட நிலையில் எங்கள் பயிற்சி விமானம் நின்றது. நான்கு சிலிண்டர் என்ஜின். புதிய பிஸ்டன் வளையங்கள் பொருத்தி இருபத்தைந்து மணி நேரம்கூடப் பறந்திருக்காது. அதற்குள் அது எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்தது.

வளையங்களை ஆர்டர் செய்தவன் நான். பொருத்திக் கையெழுத்திட்டவர் திருமதி திலகவதி. ஆக, அந்த எண்ணெய்க் கறை எங்கள் இருவரில் ஒருவருடையது.

நாலில் ஒன்று

புதிய வாசகர்களுக்காக ஓரிரு சொற்கள். கோவையில், அவிநாசிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்திருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில், உதிரி பாகங்களுக்கான பொறுப்பாளராக நான் நெடுங்காலம் பணியாற்றினேன். எந்தப் பாகம் தேவை என்று அடையாளம் காண்பதும், அதை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும், உரிய சான்றோடு வந்திருக்கிறதா என்று பார்த்து உள்ளே எடுப்பதும் என் பணி. அங்கே எல்லோரும் என்னை ‘பார்ட்ஸ் சார்’ என்றே அழைத்தார்கள்.

திருமதி திலகவதி கோபிசெட்டிபாளையத்துக்காரர். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர். அவர் கையெழுத்திடாமல் எந்த விமானமும் கொட்டகையை விட்டு நகராது. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கேள்வியாகத்தான் பேசுவார்.

பள்ளியின் உரிமையாளர் திரு. சென்னியப்பன். கணபதிப் பகுதியில் அவருக்குப் பம்பு வார்ப்படப் பட்டறை உண்டு. விமானத்தின்மேல் கொண்ட ஆசையால் பள்ளியைத் தொடங்கியவர். அன்று பகலில் அவர் கொட்டகைக்கு வந்தபோது பிளக் இன்னும் என் மேசைமேல்தான் இருந்தது. அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க சார், நாலு சிலிண்டரு. ஒரே பெட்டில வந்த ரிங்கு. மூணு நல்லா ஓடுது, ஒன்னு மட்டும் எண்ண குடிக்குது. ரிங்கு தப்புன்னா நாலும் குடிக்கோணுமுங்களே?”

“ஆம்,” என்றேன். அந்தத் தர்க்கத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

“அப்பொ மாட்டுன கையிலதான் என்னமோ ஆயிருக்குது.” அவர் திருமதி திலகவதியைப் பார்த்தார். குரல் உயரவில்லை, எங்கள் ஊரில் கடுமையான சொல்லும் மரியாதையோடுதான் வரும். “கோவிச்சுக்காதீங்க அம்மணி. மூணாவது மாட்டறப்ப போன் கீன் வந்துதுங்களா?”

“இல்லீங்க. ரிங்கு வாயெல்லாம் ஒன்னுக்கொன்னு தள்ளித்தானுங்க வெச்சேன். கேப்பும் அளந்து எழுதியிருக்குதுங்க,” என்றார் அவர். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சிறு வெட்டு இருக்கும்; அதைத்தான் வாய் என்பார்கள்.

“எழுதறது எல்லாரும் எழுதறதுதானுங்களே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “திங்கக்கெழம ஆய்வுக்கு அதிகாரி வாராரு. ரிங்கு சரியான ரிங்குதான்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துப்போடுங்க. அம்மணி கொஞ்ச நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். பெங்களூர்ல இருந்து ஒரு ஆளக் கூட்டியாந்துக்கலாம்.”

ஒரு பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்தை நிறுத்திவைப்பது எளிய செயலன்று. இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பள்ளியில் நிறுத்தப்பட்ட கையெழுத்தை அடுத்த பள்ளி ஐயத்தோடுதான் பார்க்கும்.

திருமதி திலகவதி பிளக்கை எடுத்துக்கொண்டார். கறை படிந்த தாளை மட்டும் விட்டுச் சென்றார்.

ஒரு பாகத்துக்கு எத்தனை பெயர்

இங்கே சற்று விலகிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தொழிலின் மையமே இந்த விலகலில்தான் இருக்கிறது.

கோவையில் ஓர் இயந்திர பாகத்துக்குப் பெயர் தேவையில்லை. தேய்ந்ததைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காட்டூருக்குப் போனால் போதும். “இதே மாதிரி ஒன்னு குடுங்க” என்று கடைப்பலகைமேல் வைத்தால், கடைக்காரர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போவார். இல்லையென்றால், அதைப் போலவே ஒன்றைக் கடைசல் பிடித்துத் தர நான்கு பட்டறைகள் இருக்கும். ‘சாம்பிள்’ என்ற ஒரு சொல்லிலேயே எங்கள் ஊரின் பாதித் தொழில் நடக்கிறது.

திரு. சென்னியப்பன் என்னைச் சீண்டும்போதெல்லாம் இதைத்தான் சொல்வார். “எங்க பட்டறைல சொன்னா நாளைக்குக் காலைல வார்த்துக் குடுத்துப்போடுவாங்க. நீங்க அமெரிக்காக்காரன் பதில் போடுவான்னு ஒரு மாசம் வாசலப் பாத்துட்டு உக்காந்துட்டு இருக்கறீங்க.”

விமான என்ஜின் அப்படியல்ல. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். அதில் பொறித்துள்ள எழுத்துகளும் எண்களும் ஒரு வாக்கியம் போன்றவை. முன்னால் வரும் எழுத்து, சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கின்றன என்று சொல்லும். நடுவில் வரும் எண் கொள்ளளவைச் சொல்லும். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகளில் ஒன்று மாறினால் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ மாறும், மாட்டும் முறை மாறும், சில சமயம் எல்லாமே மாறும்.

அதன்பின் வரிசை எண். குறிப்பிட்ட எண்ணுக்கு முன் செய்யப்பட்ட என்ஜினுக்கு ஒரு பாகம், பின் செய்யப்பட்டதற்கு வேறொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வேறுபாடு தெரியாது.

பிறகுதான் பாகங்களின் பட்டியல் நூல். அதில் என்ஜின் வெடித்துச் சிதறி, ஒவ்வொரு துண்டும் காற்றில் அப்படியே நின்றுவிட்டதைப் போன்ற படங்கள் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு அடுத்த பக்கத்தில் பாக எண்ணைப் பார்க்க வேண்டும். அந்தப் பாக எண்ணை நிறுவனம் இடையில் மாற்றியிருக்கிறதா என்று சுற்றறிக்கைகளில் தேட வேண்டும். பட்டியலின் ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வந்திறங்கும் பெட்டியைப் பிரிக்கும் நொடி ஒரு தனி இன்பம். எண்ணெய்த் தாளின் வாசனை. அதற்குள் ஒரு துகள் தூசிகூடப் படாத வளையம். கூடவே, அது எங்கே யாரால் செய்யப்பட்டது என்று சொல்லும் சான்றுத்தாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் இரும்பு; அதை நான் கொட்டகைக்குள் விடமாட்டேன்.

ஆகையால், யாராவது பழைய பாகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு என் மேசைக்கு வந்தால் ஒரே பதில்தான் சொல்வேன். “இது காட்டூர்க் கடையல்ல. எண்ணைக் கொண்டு வாருங்கள்.” பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவனுக்கு அந்த வாக்கியம் பெருமையாக இருந்தது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. முகம் சுருங்கித் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை நான் அதிகம் கவனித்ததில்லை.

இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்தில், என் மேசையிலிருந்து ஒரு தவறான பாகம்கூட ஆர்டர் ஆனதில்லை என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர், “ஒன்றுகூடவா?” என்று ஒரே வரியில் கேட்டு எழுதியிருந்தார். அந்த அஞ்சலட்டை சில வாரங்களாக என் மேசையில் கிடக்கிறது.

கடுதாசிக்கான ஆதாரம்

அந்த வாரத்துக்கு மீள்கிறேன்.

சனிக்கிழமை காலை, கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதென்றால் ஆதாரத்தோடு எழுத வேண்டும். பட்டியல் நூலைத் திறந்தேன். என்ஜினின் மாதிரி சரி. வரிசை எண் சரி. படத்தின் எண் சரி. பாக எண்ணும் பெட்டியில் இருந்த எண்ணும் ஒன்றே.

ஓரக் குறிப்பையும் படித்தேன். குரோம் பூசிய சிலிண்டராக இருந்தால் வேறு வளையம் என்று அது சொன்னது.

இதன் பொருளைச் சொல்லிவிடுகிறேன்; இருசக்கர வாகனம் பழுது பார்ப்பவரும் அறிந்த செய்திதான். புதிய வளையம் சிலிண்டர்ச் சுவரோடு உராய்ந்து, சற்றே தேய்ந்து, அதன் வடிவத்துக்குப் பொருந்திக்கொள்ள வேண்டும். ‘ரிங் உட்காருவது’ என்பார்கள். அதற்கு இரண்டில் ஒன்று மற்றதைவிட மென்மையாக இருக்க வேண்டும். சாதாரண எஃகுச் சுவருக்குக் குரோம் முகம் கொண்ட வளையம். குரோம் சுவருக்கு வெறும் வார்ப்பிரும்பு வளையம். இரண்டும் குரோமாக இருந்தால் எதுவும் தேயாது, வளையம் உட்காராது, எண்ணெய் மேலேறும்.

எந்தச் சிலிண்டர் எந்த வகை என்பதை வெளியிலிருந்தே அறிய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காற்றில் குளிர்வதற்காகச் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளின் விளிம்பில் ஒரு வண்ணக் கோடு. குரோம் பூசியதென்றால் ஆரஞ்சு.

எங்கள் விமானம் வடக்கே ஒரு பறத்தல் கழகத்திடமிருந்து வாங்கப்பட்டது. அதன் பழைய பதிவேட்டில், ‘மூன்றாம் சிலிண்டர் மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. எந்த வகை என்று இல்லை. அந்த வரியை நான் ஆர்டர் செய்யும் முன்பே படித்திருந்தேன். படித்ததோடு நிற்காமல் விமானத்தருகே போய், குனிந்து, மூன்றாம் சிலிண்டரின் தகடுகளை என் கண்ணால் பார்த்தேன். ஆரஞ்சுக் கோடு இல்லை. ஆகவே சாதாரணச் சிலிண்டர். ஆகவே நான்குக்கும் ஒரே எண்.

இதில் எங்கே பிழை இருக்க முடியும்? கடிதத்தின் முதல் பத்தியை எழுதி முடித்தேன்.

இரண்டாம் பத்தியைத் தொடங்கும்போதுதான் ஓர் ஆவல் எழுந்தது. ஐயம் என்று அதைச் சொல்ல மாட்டேன். புதிய வளையங்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோமே, பழையவை என்ன ஆயின?

கழற்றிய பாகங்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. அதில் திருமதி திலகவதியின் கையெழுத்தில் சீட்டுக் கட்டிய நான்கு பைகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவற்றை மேசைக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் தாள்கள் விரித்து, ஒவ்வொன்றாகக் கொட்டினேன்.

முதல் பையின் மேல் வளையங்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கரி படிந்திருந்தாலும் வெளி விளிம்பு வெள்ளிபோல் மின்னியது. குரோம். இரண்டாம் பையும் அவ்வாறே. நான்காம் பையும் அவ்வாறே.

மூன்றாம் பையின் வளையங்கள் மின்னவில்லை. துணியால் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். தோசைக்கல்லின் ஓரம்போல் மங்கிய சாம்பல் நிறம், அவ்வளவுதான். வார்ப்பிரும்பு.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எனக்கு நினைவிருக்கிறது, அப்போது எனக்குத் தோன்றியது அச்சமில்லை. ஒரு கணக்கின் விடை எதிர்பாராத எண்ணாக வந்துவிட்டதைப் போன்ற வியப்பு. நான் அறியாத ஒன்றை முன்பு யாரோ அறிந்து, மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் வேறு வளையம் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்தச் சுவர் குரோம். அப்படியானால் ஆரஞ்சுக் கோடு எங்கே?

மூணு கோட்டுங்க

கொட்டகையில் மாரப்பன் மட்டும் இருந்தார். எங்கள் உதவி மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயிண்ட் அடிப்பதில் அவருக்கு நிகர் அவரே. பழைய துணியில் தின்னர் ஊற்றித் தரும்படி கேட்டேன்.

“எதுக்குங்க சார்?”

“பார்க்க வேண்டும்.”

மூன்றாம் சிலிண்டரின் தகடுகளில் ஒரு விளிம்பைத் தேய்த்தேன். துணியில் கறுப்பு இறங்கியது. மீண்டும் தேய்த்தேன். கறுப்புக்கு அடியிலிருந்து, பொங்கலுக்குப் பறித்த பூசணிப்பூவின் நிறத்தில், ஒரு விரல் அகலத்துக்குக் கோடு வெளிப்பட்டது.

மாரப்பன் எட்டிப் பார்த்தார். “அட, இதுங்களா! ஆயுத பூசைக்கு நாந்தானுங்க அடிச்சேன். அந்த எடத்துல மட்டும் ஆரஞ்சுப் பெயிண்டு சிந்துனாப்புல இருந்துச்சுங்க. ஒரு கோட்டு அடிச்சு மறையல. மூணு கோட்டுங்க!”

அவர் குரலில் பெருமை இருந்தது. நான் துணியைப் பிடித்தபடி நின்றேன்.

“ஏனுங்க சார், அடிச்சிருக்கக் கூடாதுங்களா? நீங்கதானுங்களே சொன்னீங்க, எல்லாம் ஒரே நெறமா இருக்கோணும், பொட்டுக்கூடத் தெரியக் கூடாதுன்னு?”

சொன்னேன். கோவைத் தொழிற்கூடங்களில் ஆயுத பூசைக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடைசல் இயந்திரம் முதல் கைவண்டி வரை கழுவித் துடைத்து, புதிதாக வண்ணம் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். பள்ளியில் மூத்தவன் என்பதால் பூசை ஏற்பாடு என் பொறுப்பு. அந்த ஆண்டு வெளியூர் விருந்தினர்கள் வருவதாக இருந்தது. என் கொட்டகையைப் பார்ப்பவர்கள் ஒரு குறையும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். என்ஜின் மூடிகளைக் கழற்றச் செய்து, வெப்பம் தாங்கும் கறுப்பு வண்ணம் வாங்கிக் கொடுத்தவன் நான். திருமதி திலகவதி அந்த வாரம் உறவினர் திருமணத்துக்காகக் கோபிக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

விருந்தினர்கள் பாராட்டினார்கள். நானே பூசி மறைக்கச் செய்த கோட்டை, சில வாரங்கள் கழித்து நானே குனிந்து தேடி, இல்லை என்று முடிவு கட்டினேன்.

இரண்டு கடிதங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு கடிதங்கள் எழுதினேன்.

முதல் கடிதம் மூன்றே வரிகள். வழங்கப்பட்ட வளையங்களின் எண், இந்த மாதிரி என்ஜினுக்குப் பட்டியல் நூலில் கொடுக்கப்பட்டுள்ள எண்ணோடு பொருந்துகிறது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதைக் கொடுத்தால் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். பழி தானாகவே மாட்டிய கைக்குப் போய்ச் சேரும். மாரப்பனுக்கோ தாம் என்ன மறைத்தோம் என்பதே தெரியாது.

அந்தக் கடிதத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நற்பெயர் என்பதைச் சேர்க்க எனக்கு ஒரு வாழ்நாள் ஆயிற்று.

இரண்டாம் கடிதம் ஒன்றரைப் பக்கம்.

திங்களன்று திரு. சென்னியப்பனின் அறையில் நால்வர் இருந்தோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி, உரிமையாளர், திருமதி திலகவதி, நான். மேசைமேல் இரண்டு வளையங்களை வைத்தேன். ஒன்று மின்னுவது, ஒன்று மின்னாதது. பக்கத்தில் ஆரஞ்சுத் தடம் படிந்த துணி. பிறகு இரண்டாம் கடிதத்தைப் படித்தேன்.

திரு. சென்னியப்பன் துணியை எடுத்து மோந்து பார்த்தார்.

“ஏனுங்க சார், சாமிக்குன்னு அடிச்ச பெயிண்டுங்களா இது?”

“ஆம்.”

“நீங்க சொல்லி அடிச்சதுங்களா?”

“ஆம். ஆர்டரும் நான் போட்டதுதான். இவர் பொருத்தியதில் ஒரு குறையும் இல்லை. தவறான வளையத்தை இதைவிடச் சரியாக யாரும் பொருத்தியிருக்க முடியாது.”

அதிகாரி சிரித்துவிட்டார். உரிமையாளர் சிரிக்கவில்லை. வார்ப்படக்காரர் அல்லவா, மின்னாத வளையத்தைக் கையில் எடுத்து, விரல் நுனியால் விளிம்பைத் தடவினார்.

“இதக் காட்டூர்ல குடுத்திருந்தா, பாத்த ஒடனே சொல்லியிருப்பானுங்களே, மூணாவது வேற ரிங்குன்னு.”

நான் கடிதத்தை மடித்து அவர் முன் வைத்தேன்.

“அம்மணி, நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க,” என்றார் அவர் திருமதி திலகவதியிடம். “கையெழுத்து நீங்களே போடுங்க. பெங்களூர்க்காரரு வேண்டாம்.”

“செரிங்க,” என்றார் அவர். அந்தக் கூட்டத்தில் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான். எழும்போது மின்னாத வளையத்தை எடுத்து, நான் கொண்டுவந்திருந்த மூன்றாம் பையில் போட்டுச் சீட்டைக் கட்டினார்.

மூன்றாம் சிலிண்டருக்கு உரிய வளையங்களை அன்றே ஆர்டர் செய்தேன். படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. வழக்கமாக ‘தேய்மானம்’ என்று எழுதுவேன். அன்று ‘ஆர்டர் செய்தவரின் பிழை’ என்று எழுதினேன். எழுத்து சற்றுக் கோணலாக விழுந்தது.

நல்லவேளையாகச் சிலிண்டர்ச் சுவரில் கீறல் இல்லை. பங்குனியில் வளையங்கள் வந்தன, விமானம் பறந்தது. சில நாள் கழித்து என் மேசையில் ஒரு வெள்ளைத் தாளும், அதன்மேல் மூன்றாம் சிலிண்டரின் அடிப் பிளக்கும் இருந்தன. நான் மாலைவரை அதை எடுக்கவில்லை. தாளில் ஒரு புள்ளியும் ஊறவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு சிறிய டப்பா ஆரஞ்சு வண்ணம் மட்டுமே.

அதற்கு முந்தியும்

இந்த அத்தியாயத்தை மேற்கண்ட வரியோடு முடித்து, உறையில் இட்டு வைத்திருந்தேன். அனுப்பும் முன், வண்ணக் குறிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று சென்ற வாரம் திருமதி திலகவதிக்குத் தொலைபேசினேன். அவர் இப்போது அதே பள்ளியின் தலைமைப் பொறியாளர்.

“ஆரஞ்சுன்னா குரோம்தானுங்க. நீங்க எழுதியிருக்கறது செரிங்க,” என்றவர், சிறிது தயங்கினார். “அந்த மூணாவது சிலிண்டரையா சார் எழுதறீங்க?”

“ஆம்.”

“பெயிண்டத் தொடச்சதுல இருந்துங்களா, அதுக்கு முந்தியுமுங்களா?”

உறையைப் பிரித்துவிட்டேன். முந்தியதை இப்போது எழுதுகிறேன்.

வளையங்களை ஆர்டர் செய்வதற்கு முன், ஒரு கார்த்திகைப் பிற்பகலில், அவர் என் மேசைக்கு வந்தார். வலது உள்ளங்கையில் ஒரு பழைய வளையம். “சார், மூணாவதுல கழட்டுனதுங்க. மத்ததாட்ட மின்ன மாட்டேங்குது. சிலிண்டரு உள்பக்கமும் என்னமோ வித்தியாசமா இருக்குதுங்க. இத ஒருக்கா பாத்துப்போட்டு ஆர்டர் போடலாங்களா?”

நான் பட்டியல் நூலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “இது காட்டூர்க் கடையல்ல, திலகவதி. எண்ணைக் கொண்டு வாருங்கள்,” என்றேன். அறையில் வேறு இருவர் இருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள். அவர் விரல்களை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். போய், அந்த வளையத்தை எறிந்துவிடாமல், பையில் இட்டுச் சீட்டெழுதி அலமாரியில் வைத்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் பெயிண்டைச் சொன்னேன், ஆர்டரைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. என் ஒன்றரைப் பக்கத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“அன்றைக்கு நீங்களாவது சொல்லியிருக்கலாமே,” என்றேன் தொலைபேசியில்.

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க,” என்றார்.

இத்தனை ஆண்டுகளாகவா என்று நான் கேட்கவில்லை. பின்னணியில் ஓர் என்ஜின் தொடங்கி, சீராகச் சுற்றும் ஓசை கேட்டது. “வெச்சுப்போடறேனுங்க சார், வண்டி போகோணும்,” என்றார்.

ஈரோட்டு வாசகருக்கு இன்று பதில் எழுதிவிட்டேன். இந்தத் தொடர் நூலாக வருமானால் முதல் அத்தியாயத்தின் அந்த வரியை அடித்துவிடும்படி ஆசிரியரிடமும் கேட்டிருக்கிறேன். புதிய வரியை அதன்மேல் ஒட்ட வேண்டாம், அடித்த இடம் தெரியும்படியே இருக்கட்டும் என்றும்.